முன்னால் நடப்பது

1

இந்தக் கதை என் இடது தோளிலிருந்து வந்தது. பல வருடச் சர்க்கரையின் புண்ணியத்தில் தோள் இறுகி, சட்டை மாட்டக்கூட மனைவியைக் கூப்பிட வேண்டிய நிலை வந்தபோது, செம்பாக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக்கில் சேர்ந்தேன். அங்கே டெபோரா என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்றச் சொல்வாள். சுவரைப் பார்த்து நிற்கிறவனிடம் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுகிறார்கள். நான் எழுதுகிறவன் என்று தெரிந்த பிறகும் சொன்னாள். பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன். டெபோரா என்பதும் நான் வைத்த பெயர்தான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

கணவர் இறந்த பிறகு, அபிதகுஜாம்பாளின் வீட்டில் யாரோ நடமாடும் ஓசை தினமும்

[இல்லை. ஓசை எதுவும் கேட்கவில்லை. பேய்க்கதை எழுதும் ஆசையில் கை தானாகப் போட்ட வாக்கியம் இது. அழிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எந்தப் பக்கம் சரியக்கூடியவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.]

2

அபிதகுஜாம்பாள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன்ஸ் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கை நடுக்கத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை வதைத்தது கால். நடந்துகொண்டிருக்கும்போதே, பெரும்பாலும் ஒரு வாசற்படிக்கு முன்னால், இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு முன்னே போய்விடும், கால் வராது. அப்போதுதான் விழுவார்.

இந்த நோயில் ஒரு வினோதம் உண்டு. தானாக எடுக்க முடியாத அடியை, வெளியிலிருந்து ஒரு குறிப்புக் கிடைத்தால் எடுத்துவிடலாம். தரையில் ஒட்டிய கலர் டேப் போதும். தாளம் போதும். முன்னால் நடந்துபோகிற ஓர் ஆள் போதும்.*

கணவர் யக்ஞநாராயணன் இருந்தவரை அந்த ஆள் அவர்தான். மாரடைப்பில் அவர் போன பிறகு, மகள் ஸ்ரீவித்யா டெபோராவை வீட்டுக்கு வரவழைத்தாள். டெபோரா படுக்கையறையிலிருந்து சமையலறை வரை மஞ்சள் டேப்பைக் கோடு கோடாக ஒட்டினாள். நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரவும், முழங்காலை உயர்த்தி அடி வைக்கவும் பழக்கினாள். மாமி (டெபோரா அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்) ஒவ்வொரு கோடாகத் தாண்டி நடந்தார்.

* நம்பாமல் படித்துப் பார்த்தேன். உண்மைதான். மூளையின் எந்தப் பாதை அடைபட்டு எந்தப் பாதை திறக்கிறது என்பதற்குப் படங்களே இருக்கின்றன. அவற்றைப் பார்த்த பிறகும் எனக்குப் பயம் குறையவில்லை.

3

கணவரின் வருஷாப்திகத்துக்காக, அதாவது முதல் வருடத் திதிக்காக, வீட்டைக் கழுவியபோது டேப்பை உரித்துவிட்டார்கள். மறுநாள் டெபோரா புது டேப் சுருளோடு போனாள். கூடத்தில் நுழைந்தவள் அப்படியே நின்றாள். மாமி அவளைக் கடந்து சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். வெறும் தரையில். ஓரிடத்திலும் தயங்காமல்.

கைதட்ட வேண்டும்போல இருந்ததாம். தட்டவில்லை. ஏனென்றால் இந்த நோய் உள்ளவர்கள் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். மாமி நிமிர்ந்து நடந்தார். அவர் கண்கள் தனக்குச் சற்று முன்னால், ஓர் ஆளின் தோள் உயரத்தில் வெறித்திருந்தன.

[இந்த வரியைக் காட்டியபோது டெபோரா திருத்தினாள்: "வெறிக்கல சார். க்யூல நிக்கும்போது நமக்கு முன்னாடி நிக்கறவங்க முதுகைப் பார்ப்போம்ல, அப்படி."]

"மாமி, எதைப் பார்த்து நடக்கறீங்க?"

"முன்னாடி போறதைத்தான்."

"யாரு போறாங்க?"

"தெரியலையே. முதுகுதானே தெரியறது."

டெபோரா தயங்கிக் கேட்டாள். "மாமாவா?"

மாமி சிரித்துவிட்டார். "அவரா? ரெண்டடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்ப்பார், நான் வரேனான்னு. இது திரும்பினதே இல்லை."

4

இங்கே நான் பல நாள் நின்றுவிட்டேன். அந்த முதுகு யாருடையது?

கணவருடையது என்று ஒரு வரைவு எழுதினேன். படித்தவர்களுக்குக் கண் கலங்கும். பொய். மாமியிடம் படித்து இளவயதில் இறந்துபோன ஒரு மாணவி என்று இன்னொன்று. அதற்கு ஒரு முழுப் பின்கதை கூடத் தயார் செய்தேன், மஞ்சள் தாவணி, இரட்டைச் சடை, கணக்குப் பரீட்சையில்

டெபோரா பாதியிலேயே பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அது யாருன்னு அவங்களுக்கே தெரியல. உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

5

டெபோராவுக்கு விளக்கம் தெரியும். இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் சிலருக்கு இல்லாத ஆட்களைக் காட்டும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். மாமிக்கும் அது புரிந்திருந்தது.

"சொல்லிடாதேம்மா," என்று டெபோராவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அது என்னை ஒண்ணும் பண்ணலை. போறது, நான் பின்னாடி போறேன். அதையும் அனுப்பிட்டேள்னா நான் யாரைப் பார்த்து நடப்பேன்?"

டெபோரா டாக்டரிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. இன்று நடக்க வைப்பது நாளை அடுப்பில் கையை வைக்கச் சொன்னால்?

மாத்திரை குறைந்தது. "இப்போ மெல்லிசாயிடுத்து, கொசுவலை மாதிரி," என்றார் மாமி ஒரு நாள். பிறகு அதுவும் இல்லை. கூடவே காலும் போயிற்று. குளியலறை வாசலில் விழுந்து உதடு கிழிந்தது. புது டேப்பும் பலிக்கவில்லை. ஸ்ரீவித்யா சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் செஞ்சது கரெக்ட்தானே டெபோரா?" என்று கேட்டாள். "அப்புறம் ஏன் எங்கம்மாவை நானே கட்டிப் போட்ட மாதிரி இருக்கு?"

மாமி பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தார். டெபோராவோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

6

தேவை ஒரு முதுகுதானே என்று டெபோரா நினைத்தாள். தானே முன்னால் நடக்கலாம்.

"என் தோளைப் பாருங்க மாமி. நான் போற மாதிரியே வாங்க." முதலில் கூடத்துக்குள். அடுத்து வாசல் கேட் வரை. பிறகு தெருவில். மாமியின் கால் பின்னாலேயே வந்தது. திரும்பிப் பார்த்தால் அவருடைய நடை தடைபடும் என்பதால், டெபோரா திரும்பாமல் செருப்பின் உரசலை மட்டும் கேட்டுக்கொண்டே நடக்கப் பழகினாள்.

ஒரு காலை, ரேஷன் கடை முனை வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். பின்னால் செருப்புச் சத்தம் சீராக வந்தது. டெபோராவின் மனசு அடுத்த நோயாளியின் முட்டிவலிக்குப் போய்விட்டது. நினைவு வந்தபோது எதிரே தண்ணீர் பளபளத்தது.

"ரேஷன் கடைகிட்ட திரும்பணும்னுதான் சார் கிளம்பினேன். எப்ப ஏரிக்கரை மேல ஏறினேன்னு எனக்குத் தெரியல."

நின்றாள். பின்னாலிருந்து மாமியின் குரல், பல வாரங்களுக்குப் பிறகு:

"ஏன் நின்னுட்டே? அது போயிண்டே இருக்கு பாரு."

"எது மாமி?"

"உனக்கு முன்னாடி போறதே, அதுதான். நான் என்ன உன்னைப் பார்த்தா இவ்வளவு தூரம் வந்தேன்?"

எதிரே வெறும் பாதை. டெபோரா ஓரடி எடுக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

"பாதத்துக்கடியில கோந்து தடவின மாதிரி சார். என் பேஷண்ட்ஸ் எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. நான் தலையாட்டிக்கிட்டு எக்ஸர்சைஸ் சொல்லிக் கொடுப்பேன். அன்னைக்குத்தான் புரிஞ்சுது."

மாமி அவளைத் தாண்டி, நிமிர்ந்து, தண்ணீரை ஒட்டி நடந்துபோனார்.

7

முடிவுகள்.

(அ) டெபோரா கத்துகிறாள். மாமி திடுக்கிட்டுத் தண்ணீரில் விழுகிறார். இதை எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். கதை முடிய வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷியை ஏரியில் தள்ளுவதா?

(ஆ) அது முதன்முதலாகத் திரும்புகிறது. மாமியின் முகமே அதற்கு. பத்திரிகைக்குப் பிடித்த முடிவு. ஆனால் அது திரும்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாமி காபி கேட்டார். இதையும் ஸ்ரீவித்யாதான் பிறகு என்னிடம் சொன்னாள். அதே குறைந்த மாத்திரையில் மாமி இன்று தினமும் நடக்கிறார், விழுவதில்லை, டாக்டர் பயிற்சியைப் பாராட்டுகிறார்.

டெபோராவின் கால் எப்படி விடுபட்டது? கரையின் கடைசி வரை போனார்களா? கேட்டேன்.

"கையைக் கீழ விடாதீங்க சார்," என்றாள். "இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க."

8

ஆகவே நானே ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். நல்ல வெயில் வந்துவிட்ட காலை. தண்ணீரில் கொக்குகள். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தாழப் பறந்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லை.

அவர்கள் கரையின் அந்தக் கோடியிலிருந்து வந்தார்கள். மாமி முன்னால், டெபோரா பின்னால். நோயாளியின் காலைப் பார்க்க வேண்டிய டெபோரா காலைப் பார்க்கவில்லை. மாமியின் முதுகையும் பார்க்கவில்லை. இருவர் கண்களும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருந்தன.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில், காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர் அவர்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். மாமி நெருங்குவதற்கு வெகு முன்பே அந்த ஓட்டக்காரர் சட்டென்று ஓரம் ஒதுங்கினார். ஒதுங்கிய பிறகு, எதற்கு ஒதுங்கினோம் என்பதுபோல வெறும் பாதையைப் பார்த்தார்.

அடுத்து நான். கரை அங்கே குறுகல். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்.

நான் ஓரமாக

நான் அப்படியே நடுவில்

[இரண்டையும் முடிக்க முடியவில்லை. டெபோரா படிப்பாள்.]

இனி நீங்கள் என் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். நீங்கள் வழிவிடாவிட்டால் மாமியின் கால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், விழவும் கூடும். வழிவிட்டால், அங்கே ஏதோ வருகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். யோசிக்க அதிக நேரம் இல்லை. மாமி இப்போதெல்லாம் வேகமாகவே நடக்கிறார்.