ஜட்ஜ் டெக்கர் வீட்டுப் பனி

பார்லோ ஊர் நீதிமன்றம் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடும். சாலைப் பராமரிப்பு லாரிகள் நிற்கும் கொட்டகையை ஒட்டிய அறையில் மடக்கு நாற்காலிகளை நான்தான் போடுவேன். என் பெயர் வெர்னா. பதினேழு வருடமாக அங்கே எழுத்தர். நீதிபதி மெர்ல் டெக்கர் வாரத்தின் மற்ற நாட்களில் டிராக்டர் விற்பவர். நியூயார்க் மாநிலத்தின் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் நீதிபதிக்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. ஆனால் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். டெக்கரிடம் கேட்கப்பட்ட தகுதி அது ஒன்றுதான். அதுவும் அவரிடம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பே அவர் அடுத்த மாவட்டத்து ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். மில் சாலையில் இருந்த பழைய வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு விளக்கும் மிச்சம். விளக்கு சுவிட்சில் நேரம் வைத்திருந்தார். ஆறு மணிக்குத் தானாக எரியும், பத்து மணிக்குத் தானாக அணையும். போன வருடம் யாரோ புகார் எழுதியபோது, பழைய முகவரி போட்ட ஓட்டுநர் உரிமத்தோடு ஒரு புகைப்படத்தையும் ஊர் மன்றத்தின் முன் வைத்தார். ஜனவரி மாதப் படம். வாசல்வரை பனி ஒதுக்கிய வண்டிப்பாதை.

"ஆளில்லாத வீட்டுக்கு யாருங்க பனி தள்ளுவாங்க?" என்று கேட்டார்.

மன்றத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் அவரிடம் டிராக்டர் வாங்கியவர்கள். மற்ற மூவருக்கும் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. புகார் தள்ளுபடி.

யாரையும் இகழக்கூடாது என்று எங்கள் போதகர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஒப்புக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை மறுபடி இகழ்வேன்.

இந்தப் பிப்ரவரியில் ஐரா பாப்காக்கின் வழக்கு வந்தது. ஐரா முப்பத்தோரு வருடமாக எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இருப்பவர். அக்டோபரில் யாருடைய வீட்டுப் புகைபோக்கியிலோ பிடித்த தீயை அணைக்கப் போயிருந்தபோது அவருடைய சொந்த வீடு எரிந்து போனது. அன்றிலிருந்து பக்கத்து ஊரில் தங்கை வீட்டில் படுக்கிறார். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமான பார்லோ குப்பைக் கிடங்கில் இரண்டு பை குப்பை போட்டதற்கு, வெளியூர்க்காரர் என்று சொல்லி ஊர் அதிகாரி அவர்மேல் வழக்கு எழுதிவிட்டார். அபராதம் சின்னதுதான். ஆனால் தீயணைப்புக் குழுவிலும் உள்ளூர்வாசிதான் இருக்கலாம். வெளியூர்க்காரர் என்று தீர்ப்பானால் அன்றைக்கே பெயரை எடுத்துவிடுவார்கள். மனைவியும் போய், வீடும் போனபின் அவருக்கு மிஞ்சியது அந்தக் குழுதான்.

ஐரா சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டேன். வழக்கு நடக்கையில் அதை நிறுத்தக்கூடாது என்பது மாநில விதி.

"ஐரா, நீங்க ராத்திரி எங்க படுக்கறீங்க?" டெக்கர் கேட்டார்.

"தங்கச்சி வீட்ல, ஜட்ஜ். சோபாவுல. அவ நாயோட."

"நாய் கதை வேண்டாம். ஒரு மனுஷன் ராத்திரி எங்க தலை சாய்க்கிறானோ அதான் அவன் ஊர். குடியிருக்கறதுன்னா விளையாட்டு இல்ல."

நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஆனா நான் தெனமும் இங்கதான் வரேன், ஜட்ஜ்."

"எதுக்கு? ஒண்ணொண்ணா சொல்லுங்க. பதிவாகட்டும்."

"காலைல அஞ்சரைக்கு வருவேன். எரிஞ்ச வீட்டுக் கொல்லைல கோழி இருக்கு, தீனி போடணும். பனி பெஞ்சிருந்தா வண்டி முன்னால பனி தள்ற தகட்டைக் கட்டிக்கிட்டு மில் ரோடு போவேன். மொதல்ல மிசஸ் டுவெல் வீடு, அவங்களுக்கு இடுப்பு சரியில்ல. அப்புறம் உங்க வீடு."

டெக்கர் நிமிர்ந்தார்.

"என் வீடா?"

"ஆமாம் ஜட்ஜ். மூணு குளிர்காலமா தள்றேன். வீடு சும்மா கெடக்கு, பனி மூடினா திருடன் கண்ணு வச்சிருவான். ஹீட்டருக்கு எண்ணெய் ஊத்தற வண்டியும் உள்ள வரணுமில்ல."

டெக்கரின் கழுத்து சிவந்தது. "இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

"நீங்கதான் ஒண்ணொண்ணா சொல்லச் சொன்னீங்க."

பின் வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

"வெர்னா, அதை நிறுத்து."

"நிறுத்தக்கூடாது, ஜட்ஜ். விதி," என்றேன். இந்த வருடம் நான் மிகவும் மகிழ்ந்து சொன்ன சொற்கள் அவை. அதற்கும் ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

டெக்கர் பத்து நிமிடம் இடைவேளை விட்டார். திரும்பி வந்தவரின் சட்டம் மாறியிருந்தது. ராத்திரி படுக்கும் இடம் முக்கியமே இல்லையாம். ஊரில் ஓர் இடம் வைத்திருந்து, என்றைக்காவது திரும்பி வரும் எண்ணம் இருந்தால் போதுமாம். சொல்லும்போது அவர் ஐராவைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்துச் சொன்னார். நீதிபதியாக இருந்த பதினோரு வருடத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல தீர்ப்பு இது. அதையும் தனக்காகத்தான் சொன்னார். வழக்கு தள்ளுபடி.

ஐரா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். "அப்ப குழுவுல இருக்கலாம்?"

"இருக்கலாம்," என்று நான் சொன்னேன். டெக்கர் அதற்குள் தன் காரில் ஏறிப் போய்விட்டார், ஏரிப்பக்கம்.

மறுநாள் காலையே ஊர் மன்றம் அந்த ஒலிப்பதிவு வேண்டுமென்று சொல்லி அனுப்பியது. விதிப்படி பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அன்று பகல் முழுக்கப் பனி. வேலை முடிந்து மில் சாலை வழியாக வரும்போது டெக்கர் வீட்டு வாசலில் ஐராவின் வண்டி முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது. நிறுத்தி இறங்கினேன்.

"இன்னுமா அந்த ஆளுக்குத் தள்ற?"

"எண்ணெய் வண்டி வரலேன்னா குழாய் உறைஞ்சு வீடு பாழாயிடும், வெர்னா. வீடு என்ன பண்ணுச்சு?" என்றார். "படிக்கட்டுக்குத் தகடு எட்டல. கையால அள்ளணும்."

அந்த மனிதனுக்காக நான் ஒரு விரல்கூட அசைத்திருக்கமாட்டேன். ஐராவுக்கு அறுபத்தெட்டு வயது. என் காரிலிருந்து மண்வாரியை எடுத்துவந்து படிகளைச் சுத்தம் செய்தேன், முணுமுணுத்துக்கொண்டேதான்.

கடைசிப் படியில் இருந்தபோது மணி ஆறு. ஆளில்லாத ஜன்னலில் விளக்கு எரிந்தது.

ஐரா தொப்பியைத் தொட்டு அதற்கு வணக்கம் வைத்தார்.

"ஜட்ஜ் வந்துட்டார்," என்றார்.