ஐஸ் கல்லான தீர்மானம்

ராயபுரம் ஸ்டேஷன் திறந்த மறுவருஷம், ஆயிரத்தெண்ணூற்று ஐம்பத்தேழில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஐஸ் பாறை ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து வரைக்கும் கரையாமல் கடலோரக் கிடங்கு ஒன்றில் கிடந்தது. ஒரு மாட்டுவண்டி அளவு இருக்கும். அதைக் கொண்டுவந்த கம்பெனி எப்போதோ காணாமல் போயிற்று. அப்புறம் மெஷின் ஐஸ் வந்தது, துரைமார்கள் பழைய ஐஸை மறந்தார்கள். கிடங்கில் குடிவந்தவர்கள் மரத்தூளுக்கு மேல் மரத்தூளும் அதற்கு மேல் சாக்கும் கூடையுமாக அடுக்கிக்கொண்டே போனார்கள். உருக வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அதற்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால் அது பாட்டுக்கு இருந்தது. கருவாட்டு வியாபாரி பக்தவச்சலம் அந்தக் கிடங்கை வாங்கியபோது, உள்ளே கருவாடு காயமாட்டேன் என்கிறதைச் சொல்லி விலையைக் குறைத்தாரே தவிர, ஏன் காயவில்லை என்று கேட்கவில்லை. வியாபாரிகள் அப்படித்தான்.

அங்கே கூடை சுமந்தவள் புளியந்தோப்புச் சொக்கம்மாள். அவள் புருஷன் சின்னப்பையன் பினாங்கு ரப்பர் தோட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறியவன். வழியனுப்பப் போனபோது கப்பலின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குப் பேர் எழுதியிருந்ததை அவள் பார்த்தாள். படிக்கத் தெரியவில்லை. பிற்பாடு துறைமுகத்தில் போய் அவனைப் பற்றி விசாரித்தபோது, எந்தக் கப்பல் என்றுதான் முதலில் கேட்டார்கள். அவள் கையை விரித்து, இம்மாம் பெரிசு என்று காட்டினாள். எல்லாக் கப்பலும் இம்மாம் பெரிசுதான். அன்றைக்கு முடிவு செய்தாள், மகள் ராஜாத்தியை எழுத்துப் படிக்க வைக்காமல் விடுவதில்லை என்று.

டோல்கேட் போகும் சாலையில் பள்ளிக்கூடம் இருந்தது. பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவும் இருந்தது. அதைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் கருணாகரன் நல்ல மனுஷன். சொக்கம்மாளைத் தெருவிலேயே நிற்க வைத்து, மரியாதையாக விளக்கினார். சேர்ப்பதில் ஆட்சேபணையே கிடையாது. ஆனால் குழந்தைக்குத் தாகம் எடுக்கும். பானையைத் தொடவிட முடியாது. ஒரு ஆள் எட்ட நின்று, உயரத் தூக்கி, கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றுபவர் என்ற உத்தியோகம் இன்னும் மஞ்சூர் ஆகவில்லை. பச்சைக் குழந்தையைத் தொண்டை வறள உட்கார வைக்கக் கமிட்டியாருக்கு மனசு வரவில்லை. ஆகவே இரக்கத்தின் பேரில் சேர்க்காமல் இருக்கிறார்கள். கமிட்டித் தலைவர் யார் என்று கேட்டாள். பக்தவச்சலம் என்றார்கள்.

அந்த வருஷம் சித்திரையில் கிடங்கின் பின்கட்டைக் காலி செய்யச் சொன்னார் பக்தவச்சலம். கூடைகளை எடுத்து, சாக்கை உருவி, மரத்தூளில் கால் வைத்த சொக்கம்மாளுக்குக் கணுக்கால் மரத்துப் போயிற்று. வாயைத் திறந்தால் புகை வந்தது. மரத்தூளை விலக்கிப் பார்த்தால் உள்ளே பச்சையாக ஒரு பாறை. முதலாளி வந்தார், தட்டினார், ஒரு சில்லு உடைத்துச் சோடாவில் போட்டுக் குடித்தார். குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கருவாட்டுக் கூடை மேல் ஏறி நின்று, "சபையோரே, நான் ஒருவனுடைய உடைமையாகப் பிறந்தேன்" என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். உறைந்து கிடக்கும் ஏரி மேல் நின்று பேசுவதாகவும், ஊரில் எந்த மண்டபமும் கறுப்பு மனுஷனுக்குக் கதவு திறக்காததால் இங்கே கூட்டம் போட நேர்ந்ததென்றும் சொன்னார். முடித்து ஏப்பம் விட்டதும், நான் ஏன் கூடை மேல் நிற்கிறேன் என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்து தப்பிவந்தவர்கள், விலை கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் அந்த ஏரியில் கூடிப் பேசியிருக்கிறார்கள். அந்தக் குளிருக்கு வார்த்தை வாயை விட்டு வந்ததும் உறைந்து விழுந்துவிட்டது. ஐஸ் அறுக்கிறவர்கள் அதையும் சேர்த்து அறுத்து, மரத்தூள் போட்டுச் சென்னைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த நாக்கில் கரைகிறதோ அந்த நாக்கின் பாஷையில் பேச்சு வந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் எந்தப் பாத்திரத்திலும் அப்படித்தானே இருக்கும். வாசலில் வழிந்ததை நக்கின நாய் ஒன்று அதற்கப்புறம் கழுத்தில் கயிறு கட்ட விடவில்லை.

சனிக்கிழமைதோறும் கிடங்கின் முன்கட்டில் சபை கூடியது. பேசின் பிரிட்ஜ் வரைக்கும் உள்ள கனவான்கள் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார்கள். பின்கட்டிலிருந்து ஐஸை உடைத்துக் கையில் ஏந்தி வாசற்படி வரை கொண்டுவருவது சொக்கம்மாள் வேலை. கத்திரி வெயிலில் கனவான்கள் வாயில் பனிப்புகை விட்டுக்கொண்டு சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். ரயில் வண்டியில் பணம் கொடுத்து வாங்கிய இடத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளப்பட்டதை ஒரு தாசில்தார் வர்ணித்தபோது சபை கொதித்தது. அவர் வந்த டிராமில் கூடைக்காரிகளை இறக்கிவிட்ட பிறகுதான் வண்டி நகர்ந்திருந்தது. ஒரு நாள் பக்தவச்சலத்துக்குக் கிடைத்த சில்லில் ஒரு தாய் இருந்தாள். மீசையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "என் மகளை ஏற்றிய வண்டியின் மேல் எழுத்து இருந்தது. எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது குற்றம் என்று சட்டம் இருந்தது. படித்திருந்தால், அவளை விற்ற ஊரின் பெயராவது எனக்கு மிஞ்சியிருக்கும்." கைக்குட்டைகள் பிழியப்பட்டன. படிக்கு வெளியே நின்ற சொக்கம்மாளுக்குக் கையிலிருந்த ஐஸ் கனத்தது. அமெரிக்க அடிமைகளுக்கு அனுதாபத் தீர்மானம் போட எழுந்தார்கள். சரித்திரம் படித்த ஹெட்மாஸ்டர் கருணாகரன் மட்டும், அவர்களுக்கு விடுதலையாகி அறுபது வருஷமாகிறது என்றார். சபைக்கு முகம் வாடிவிட்டது. கடைசியில், அனுதாபம் தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்து ஏகமனதாக நிறைவேற்றினார்கள்.

சபை கலைந்ததும் சொக்கம்மாள் பக்தவச்சலத்திடம் கேட்டாள்.

"சாமி, எம் பொண்ணு இஸ்கோல் விசயம்."

"அது வேற, சொக்கம்மா. இது அமெரிக்கா சமாசாரம்."

"அங்க கூட எழுத்து படிக்கிலன்னு தான சாமி அம்மாம் அழுதீங்க?"

"யார், நானா? நான் எப்ப அழுதேன்?" என்றார் பக்தவச்சலம். ஏப்பம் விட்டு அரைமணி ஆகியிருந்தது.

கிடங்கு வாசலில் மீன் விற்கும் கன்னியம்மாவிடம் போய்ச் சொல்லி ஆறிக்கொண்டாள். கன்னியம்மா வெட்டிக்கொண்டிருந்த வஞ்சிரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னாடி சொக்கி, தண்ணி ஊத்தத்தான ஆளு இல்லன்றாங்க? ஊத்த முடியாத தண்ணியா பாத்துக் குடுத்துட்டுப் போயேன். உன் கைல தான் கூடை கூடையா கீதே" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். சொக்கம்மாள் சிரிக்கவில்லை, நேரே ஹெட்மாஸ்டரிடம் போனாள்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போகிற சமயம். உத்தரவுக்கு அத்தாட்சியாகக் காட்ட ஒரு பிள்ளையாவது வேண்டியிருந்தது. கமிட்டி கூடி, ஐஸ் தண்ணீரா கல்லா என்று விவாதித்தது. காலேஜ் கெமிஸ்ட்ரி வாத்தியாரை வரவழைத்தார்கள். அவர் தண்ணீர் என்றார். வந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தார்கள். பிறகு ஒரு சாஸ்திரிகளை அழைத்தார்கள். அவர் விரல் முட்டியால் ஐஸைத் தட்டினார். டொக் என்றது. தண்ணீர் இப்படிச் சத்தம் போடும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஆகவே கல் என்றார். கல்லை யாரும் யாருக்கும் கொடுக்கலாம், தீட்டுக் கிடையாது. தீர்மானம் எழுதிக் கையெழுத்தாயிற்று. ராஜாத்தி ஒன்றாம் வகுப்பில் கடைசிப் பலகையில் உட்கார்ந்தாள். முதல் நாள் பியூன் பழக்கதோஷத்தில் ஐஸை உயரத்திலிருந்து போட்டான். அது அவள் உள்ளங்கையில் பட்டு எகிறிப் பெஞ்சுக்கடியில் ஓடிவிட்டது. மறுநாளிலிருந்து கையில் வைத்தான். விரல் பட்டது. கல் கொடுக்கும்போது படத்தான் செய்யும் என்றான்.

எந்த ஐஸ் என்பதைக் கமிட்டி யோசிக்கவில்லை. ராஜாத்தி அதைச் சப்பிவிட்டு எழுந்து நின்றாள்.

"நான் எவன் வூட்டு சாமானும் இல்ல. என்னிய வாங்கினவன் கைய வாங்கினான், கால வாங்கினான். தலைக்குள்ள கீறத இன்னா பண்ணுவான், மூட்டையா கட்டுவான்? அதான் எழுத்தப் பூட்டி வெக்கிறான். உள்ள ஒண்ணியும் இல்லாத வூட்ட எவனாச்சும் பூட்டுவானா?"

கனவான்கள் சொன்னபோது அது கடலுக்கு அப்பால் நடந்தது. இவள் வாயில் அப்பால் என்று ஒன்று இல்லை. பேச்சு நேரே கரும்பலகைக்கு முன்னால் நடந்தது. அவர்களுக்கு ஏப்பத்தோடு போனது, இவளுக்குப் போகவும் இல்லை. மறுநாள் கேட்டால் அதையே சொன்னாள், கூட இரண்டு வரி சொந்தமாகச் சேர்த்தும் சொன்னாள். வெயில் கொளுத்தியது, மற்றப் பிள்ளைகள் எங்களுக்கும் கல் கொடு என்றன. ராஜாத்தி கடித்து உடைத்துக் கொடுத்தாள். கல்தானே. அந்த வாரம் ராயபுரத்து வீடுகளில் பிள்ளைகள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மனித உரிமை பேசின. ஒரு பையன், நம் வீட்டுக் கிணறு யாருடையது என்று அப்பாவைக் கேட்டு வெளுக்கப்பட்டான். வெளுக்கப்படும்போதும் பேசினான்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. கெமிஸ்ட்ரி வாத்தியாரின் அபிப்பிராயம் திடீரென்று எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. விஞ்ஞானத்தை மதிக்க வேண்டும், ஐஸ் தண்ணீர்தான், ஆகவே அந்தப் பெண்ணை நிறுத்திவிடலாம் என்று பக்தவச்சலம் முன்மொழிந்தார். வழிமொழியக் கை தூக்கினார்கள். படிக்கு வெளியே, கமிட்டிக்கு வேண்டிய ஐஸை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சொக்கம்மாள் நின்றிருந்தாள். சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணின்னா சரி சாமி," என்றாள். "அப்ப இத்தினி நாளா எங் கைலேர்ந்து வாங்கி நீங்க குடிச்சது இன்னா?"

தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன. அவர்கள் மட்டுமா, தாசில்தார், அவர் சம்பந்தி, தட்டிப் பார்த்த பிறகு ஒரு துண்டு வாங்கிப் போன சாஸ்திரிகள், எல்லாரும் குடித்திருந்தார்கள். ஒருத்தர் பாக்கியில்லை. பிராயச்சித்தம் என்று கிளம்பினால் ராயபுரத்தில் பஞ்சகவ்யத்துக்கு மாடு போதாது. சொக்கம்மாள் அன்றைக்கு ஐஸ் குடித்திருக்கவில்லை, என்றைக்குமே குடித்ததில்லை. அது அவள் சொந்தப் பேச்சு. தூக்கிய கைகளை இறக்க வழியில்லாமல், ஐஸ் கல்லே என்ற முந்தைய தீர்மானத்தை உறுதிசெய்து அவற்றை உபயோகப்படுத்திக்கொண்டார்கள்.

ராஜாத்தி படித்தாள். புளியந்தோப்பிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் இன்னும் பிள்ளைகள் வந்தன. சனிக்கிழமைச் சபைக்கு ஆள் குறைந்து நின்றே போயிற்று. பேச்சு அக்கம்பக்கத்தில் வந்துவிட்டதால் கனவான்களுக்கு ருசிக்கவில்லை. எழுத்துக் கூட்ட வந்ததும் சொக்கம்மாள் மகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், நிற்கிற கப்பல்களின் பேரையெல்லாம் படிக்கச் சொன்னாள். எது அந்தக் கப்பல் என்று தெரியவில்லை. தெரியாவிட்டாலும் ஒன்று விடாமல் கேட்டாள், கேட்ட பேரைத் திருப்பிச் சொன்னாள்.

முப்பத்தொன்றாம் வருஷம் பங்குனியில் பாறை தீர்ந்தது. கடைசிக் கட்டியை ராஜாத்தி கொண்டுபோய், பள்ளிக்கூடத்துப் பொதுப்பானையில் போட்டுவிட்டாள். யாரும் பார்த்துச் சொல்வதற்குள் கரைந்துவிட்டது. கமிட்டி பானையைச் சுற்றி நின்றது. உள்ளே இருப்பதில் எவ்வளவு கல், எவ்வளவு தண்ணீர் என்று பிரிக்க வழி தெரியவில்லை. ஆளுக்கு வயதாகியிருந்தது, வெயில் வேறு. பானையில் உள்ளது அனைத்தும் இனி கல் என்று தீர்மானித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

ராஜாத்தி டம்ளரை விட்டு மொண்டு குடித்தாள். கொஞ்சம் உப்புக் கரித்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.