முரளிதரன் சாப்பிட்ட இரண்டு கப் எலுமிச்சைக் கிரீம்

மைசூர் ஹெப்பாளில், கம்பெனி பஸ் திரும்பும் முக்கில் இருக்கும் அபார்ட்மென்டின் மூன்றாவது மாடியில், முரளிதரன் வீட்டு ஹாலில், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை ஆறரை மணிக்கு நாலு அங்குலத் தண்ணீர் ஊறி நின்றது. குழாய் எதுவும் உடைந்திருக்கவில்லை. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே டைல்ஸ் இடுக்கிலிருந்து குமிழி விட்டு வந்துகொண்டிருந்தது. வாசல்படி வரை வந்து, அதற்கு மேல் போக விருப்பமில்லாததுபோல நின்றுவிட்டது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்தின் சுவடுகூட இல்லை. குழாய் ரிப்பேர்க்காரர் வந்து கையை விட்டுத் துழாவிப் பார்த்து, இது லீக் இல்லை, ஊற்று என்று சொல்லி வந்துபோன செலவுக்கு இருநூற்றைம்பது வாங்கிக்கொண்டு போனார். கார்ப்பரேஷன் ஆள் வந்து, மூன்றாவது மாடியில் போர்வெல் போட அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்தது என்றதும், அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று கோபித்துக்கொண்டு போனார். அன்று காலையிலேயே முரளிதரனின் மாமியார் ரங்கம்மா பெட்டியைக் கட்டிவிட்டார். முரளிதரனின் மனைவி துபாயில் நர்ஸ். ஒன்பது வருஷமாக முரளிதரனுக்குச் சோறாக்கிப் போட்டது இந்த ரங்கம்மாதான். ஏன் போகிறீர்கள் என்று கேட்டதற்கு அவருக்கே காரணம் தெரியவில்லை. "போகணும்னு தோணுது மாப்பிள்ளே, காலு நிக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்து, சேலத்திலிருக்கும் மகன் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

எதிர்சாரியில், தரைத்தளத்து வாடகை வீட்டின் சமையலறை ஜன்னல் வழியாக வந்துபோகிறவர்களையும் அவர்கள் பேச்சையும் கவனித்துக்கொண்டிருந்த மோகனப்ரியாவுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது.

மோகனப்ரியா வீட்டிலேயே எலுமிச்சைக் கிரீம் செய்து விற்பவள். கணவன் சிவகுமாருக்கு ஹெப்பாள் ஃபேக்டரி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. அவன் வேலைக்குப் போனதும் இவள் அடுப்பைப் பிடித்துக்கொள்வாள். கெட்டிக் கிரீமில் சர்க்கரை போட்டு மூன்று நிமிஷம் பொங்கப் பொங்கக் காய்ச்சி, இறக்கி வைத்து, எலுமிச்சைச் சாற்றை மெல்ல ஊற்ற வேண்டும். ஜெலட்டினும் வேண்டாம், கார்ன்ஃப்ளாரும் வேண்டாம். கண்ணாடிக் கப்பில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு மணி நேரத்தில் பட்டுப்போல உறைந்துவிடும். மேலே வைக்கத் தோலை மெல்லிசாகச் சீவி, வெள்ளையைச் சுரண்டி, மூன்று தடவை தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கசப்பை எடுத்து, பாகில் போட்டுக் கண்ணாடியாக மாறும்வரை சுண்டவிட்டு, ஃபேனுக்குக் கீழே கம்பித்தட்டில் உலர்த்திச் சர்க்கரையில் புரட்டுவாள். யூடியூபில் பார்த்துக் கற்ற வித்தைதான். ஆனால் ஹெப்பாளில் அவளுக்கு நிகர் கிடையாது. இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன் அவளுடைய மாமியார் மாதேவி. பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிந்துபோகும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும், இதுகூடத் தெரியாத பெண்ணைத் தன் மகனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள் என்பது மாதேவியின் கட்சி. திரியாமல் உறைந்ததைக் கண்ணால் கண்ட பிறகும் அவர் கட்சி மாறவில்லை. திரிய வேண்டியது திரியாமல் இருந்தால் அது இன்னும் மோசம் என்றார்.

மாதேவி கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கத்து ஊர்க்காரர். இரண்டு ஏக்கர், ஒரு போர்வெல். நாலு வருஷத்துக்கு முன்னால் போர் வற்றியது. மகன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார், இரண்டு நாள் நாலு வருஷமானது. ஒரு சமையலறை, இரண்டு பர்னர், இரண்டு பெண்கள். ஒருத்தி கிரீம் காய்ச்சும்போது இன்னொருத்திக்குக் களி கிண்டியே ஆக வேண்டும். நாலு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட வார்த்தைகளை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம், அதிலும் பாதி உப்பைப் பற்றியது.

அந்த ஊர் மாரியம்மனுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவின் முதல் நாள் வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தில் குங்குமப் பொட்டு வைத்து, வேண்டுதலைப் பூசாரி காதுபட உரக்கச் சொல்லி, அம்மன் காலடியில் வைப்பார்கள். பழம் ஒன்பது நாள் அங்கேயே இருக்கும். பிறகு அவரவர் பழம் அவரவர் கைக்கு வந்து, பூஜை மாடத்தில் காய்ந்து சுருங்கும்போது வேண்டுதல் பலித்துவிடும். மைசூரில் பிழைக்க வந்தவர்களும் முதல் நாள் போய் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். பழங்கள் பத்தாம் நாள் பையில் கட்டப்பட்டு கொள்ளேகால் பஸ்ஸில் வரும். இந்த வருஷம் மைசூர்க்காரர்களின் பழம் இருபத்தொன்று. மாதேவி மூன்று பொட்டு வைத்து, "என்ற போர்ல தண்ணி வரோணும்" என்று மைக் இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். தொட்டையன் ஊரில் விட்டு வந்த தன் செவலைப் பசு நல்லபடியாகக் கன்று போட வேண்டும் என்றார். ஒருவர் மகள் பத்தாம் வகுப்பில் கன்னடப் பரீட்சை பாஸாக வேண்டும் என்றார். ஒருத்தி புருஷன் குடியை மறக்க வேண்டும் என்றாள். மோகனப்ரியா மட்டும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். பூசாரி இரண்டு தடவை கேட்டும் சத்தமாகச் சொல்லவில்லை. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, மாமியார் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று எப்படி உரக்கச் சொல்வது?

மாதேவி ஊரிலேயே தங்கிவிட்டார். புதன்கிழமை பை மோகனப்ரியா கைக்கு வந்து சேர்ந்தது, பழங்களை வீடு வீடாகக் கொடுப்பது அவள் பொறுப்பு. அதே புதன்கிழமை மோகனப்ரியாவுக்கு ஓர் ஆர்டரும் வந்தது. ஐடி கம்பெனியில் முரளிதரனின் டீமில் யாரோ வேலையை விட்டுப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை பிரிவு விருந்து, இருபத்தொரு கப் வேண்டும். கோடைக்காலம். தேவராஜா மார்க்கெட்டில் எலுமிச்சை ஒன்று ஒன்பது ரூபாய், அதுவும் கோலிக்குண்டு சைஸில், பிழிந்தால் விரல்தான் வலிக்கும். அம்மன் காலடிப் பழங்களோ பொன்னிறத்தில், கைநிறைய, தொட்டாலே சாறு கசியும்போல இருந்தன. மோகனப்ரியா கால் மணி நேரம் யோசித்தாள். எலுமிச்சை எலுமிச்சைதானே என்று முடிவுசெய்தாள். மார்க்கெட்டிலிருந்து இருபத்தொரு கோலிக்குண்டுகளை வாங்கி வந்து பொட்டு வைத்து, வெள்ளிக்கிழமை காலை வீடு வீடாகக் கொடுத்தாள். ஒன்பது நாள் வெயிலில் பழம் சுருங்கிவிட்டது என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மன் பழங்கள் கப்புக்கு ஒன்றாகக் கிரீமில் போயின. எவ்வளவு கழுவியும் குங்குமம் தோலைவிட்டுப் போகவில்லை. பாகில் வெந்த பிறகு அது செக்கச்செவேலென்று ஜொலித்தது. டிசைன் பிரமாதம் என்று ஐடிக்காரர்கள் போட்டோ எடுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை விடிந்தபோது வேண்டுதல்கள் எல்லாம் ஒழுங்காகப் பலித்திருந்தன, விலாசம் மட்டும் மாறியிருந்தது. டீம் லீட் ஹேமந்த் வாடகைக்கு எடுத்திருந்த கார் பார்க்கிங்கில் செவலைக் கன்று ஒன்று ஈரத்தோடு எழுந்து நின்றது. ஹனூரில் தொட்டையனின் பசு காலியான வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தூரிலிருந்து வந்து மூன்று வருஷமாகியும் ஆட்டோக்காரரிடம் விரலால் பேசிக்கொண்டிருந்த மனிஷாவுக்கு, கன்னடத்தில் நூற்றிருபத்தைந்துக்கு நூற்றுப் பத்தொன்பது போட்ட பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்து சேர்ந்தது. கூடவே நல்ல சுத்தமான கன்னடமும் வந்தது, ஆட்டோக்காரருக்குத்தான் அது புரியவில்லை. காபியைத் தவிர எதையும் குடித்தறியாத ஒருவர் காபியை மறந்தார். கப் மீந்தது என்று தன் பங்கோடு இன்னொன்றையும் வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டு சாப்பிட்டவர் முரளிதரன். முதல் கப்பில் மாதேவியின் தண்ணீர் இருந்தது. இரண்டாவது கப்பில் மோகனப்ரியாவின் முணுமுணுப்பு இருந்தது.

மாதேவி அன்று மத்தியானம் கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒன்பது நாளும் போருக்குள் கல்லைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை. இனி அம்மன் பழம் காய வேண்டும், அதுதான் பாக்கி என்று மாடத்தைப் பார்த்தார். கோலிக்குண்டு இருந்தது. தெருவே முரளிதரன் வீட்டுக்குப் படியேறிக்கொண்டிருந்ததால் அவரும் ஏறினார். ஹாலில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். அது அவர் முப்பது வருஷம் குடித்த தண்ணீர், நாக்குக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? சாப்பாட்டு மேஜையில் கழுவாத கண்ணாடிக் கப் கிடந்தது. முரளிதரனுக்குத் தோல் பிடிக்காது, ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். சர்க்கரை பூசிய அந்தத் தோலில் மூன்று சிவப்புப் பொட்டு இருந்தது. பக்கத்தில் இன்னொரு கப்பும் இருந்தது. மாதேவி இரண்டையும் முந்தானையில் மறைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மோகனப்ரியா அடுப்படியில் நின்றிருந்தாள். மாதேவி கப் இரண்டையும் மேடையில் வைத்தார்.

"ஏம்மிணி, இது என்ற பழம். மூணு பொட்டு. இதத் தின்னவரு ஊட்டுல என்ற தண்ணி வந்துருக்குது."

"ஆமாங்கத்தை."

"இந்த இன்னொண்ணு ஆருது? அவரு மாமியாளும் காலைல பொட்டியக் கட்டிட்டாங்களாம். அன்னைக்கு இருவது பேரு வேண்டுனது என்ற காதுல உளுந்துது. அதுல ஒருத்தராச்சும் மாமியா ஊட்ட உட்டுப் போகோணும்னு கேக்கல. நீ ஒருத்திதான் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்ட."

தன் வேண்டுதல் வீணானதைப் பற்றி மோகனப்ரியாவுக்கு வருத்தமில்லை. நாலு வருஷமாக வற்றிய குழிக்குள் கல் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியின் தண்ணீரை எடுத்து, காபிக்குப் பிறகு நாக்குக்கு இதமாக யாரோ இரண்டு கரண்டியில் தின்னக் கொடுத்துவிட்டோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

"தப்புதானுங்கத்தை. ரெண்டும் தப்பு. உங்க தண்ணியக் கெடுத்தது பெரிய தப்பு" என்றாள். அழுதேவிட்டாள்.

மாதேவி அவள் அழுது முடிக்கும்வரை நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம் புள்ள, நான் தண்ணி எதுக்குக் கேட்டேன்னு நெனச்ச? உன்ற ஊட்ட உட்டுக் கெளம்பறதுக்குத்தான் கேட்டேன். நாலு வருசமா உன்ற அடுப்பு முன்னால நின்னு நின்னு எனக்குந்தான் மூச்சு முட்டுது. நீ கேட்டதும் நான் கேட்டதும் ஒண்ணுதான். அம்மனுக்கு வேல மிச்சம்."

மோகனப்ரியாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அது தெரிவதற்குள் மாதேவி எழுந்து மறுபடியும் மாடியேறிவிட்டார். தண்ணீர் இருக்கும் இடம்தான் வயல் என்பது அவர் கணக்கு. அது ஹனூரில் இருந்தால் என்ன, மூன்றாவது மாடியில் இருந்தால் என்ன?

முரளிதரன் அப்போது பேன்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, மாமியார் போன துக்கத்தில் பிரெட் தின்றுகொண்டிருந்தார். "நோடிம்மா, இந்தத் தண்ணி உங்கதுன்னா எடுத்துட்டுப் போங்க, நனக்கு பேடா" என்று கன்னடமும் கலந்து, தனக்கு வேண்டாம் என்றார். மாதேவி, தண்ணீரை எடுத்துப் போவதற்கில்லை, தான் இங்கே வந்துவிடுவதாகச் சொன்னார். வாடகையாக மூன்று வேளைச் சாப்பாடு. முரளிதரன் பிரெட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பதினொரு மாத அக்ரிமென்ட் போட்டுக்கொள்ளலாம் என்றார். சோபா பெட்ரூமுக்குப் போனது. லாரியில் ஆற்று வண்டல் வந்து, லிஃப்டில் மூட்டை மூட்டையாக ஏறியது. ஜூன் மாதம் மாதேவி நாற்று விட்டார், ஜூலையில் நட்டார். டிவியை மட்டும் சுவரிலேயே விட்டு வைத்தார், களை பறிக்கும்போது சீரியல் பார்க்கலாமே. அபார்ட்மென்ட் சங்கம் கூட்டம் போட்டு மூன்று மணி நேரம் விவாதித்து, பால்கனியில் செடி வைக்க அனுமதி உண்டு என்ற விதிக்குள் இதையும் சேர்த்துக்கொண்டது. ஹேமந்த் கன்றைத் தொட்டையனிடம் கொடுக்க மறுத்துவிட்டார், பெயர்கூட வைத்தாயிற்று என்றார். அதற்குப் பதிலாக மாதம் ஒரு தடவை வீடியோ காலில் தாய்ப்பசுவுக்குக் காட்டுகிறார். குடிகாரப் புருஷன் இன்னமும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறான். எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது.

நவம்பரில் அறுப்பு. எட்டு மூட்டை கண்டது. பதினைந்துக்கு இருபதடி ஹாலில் அது எப்படி என்று விவசாய அலுவலகத்திலிருந்து ஒருவர் டேப்போடு வந்து அளந்தார். அளவு சரியாக இருந்ததால் குறித்துக்கொண்டு போனார்.

அறுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மோகனப்ரியா வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாதேவி, குளித்து, நல்ல சேலை கட்டி, புது அரிசி ஒரு பையோடு, வெளியாள் மாதிரி வாசலில் நின்றார். சிவகுமார் நாற்காலி எடுத்துப் போட்டான். மாதேவி உட்கார்ந்து காபி குடித்தார். ஃபேன் நன்றாக ஓடுகிறதே என்றார். கிரீம் இருக்கிறதா என்று அவராகவே கேட்டார். ஒரு கப் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, தோலை மென்றபடி, இன்னும் கொஞ்சம் புளிப்பு இருக்கலாம் என்றார். மோகனப்ரியா நெல்லின் விலையைக் கேட்டாள், எலி வருகிறதா என்று கேட்டாள், கால் விரலில் சேற்றுப்புண் வந்ததைப் பார்த்து மஞ்சளைக் குழைத்து வந்து தடவினாள். பேச்சோடு பேச்சாக இரண்டு மணி நேரம் போனது. மாதேவி பையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் செத்த நேரம் இருந்துட்டுப் போலாமுங்கத்தை" என்றாள் மோகனப்ரியா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்குக் கேட்டது. மாதேவிக்கும் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திடுக்கிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கலாந்தான் அம்மிணி" என்றார் மாதேவி. "இருந்தாத் தண்ணிய ஆரு கட்டறது?"

செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினார். கம்பெனி பஸ் ஒன்று அவருக்காக நின்று வழிவிட்டது. லிஃப்டில் ஏறி, மூன்றை அழுத்தினார்.