நீளமான கார்

கார் நீளமாகத்தான் இருந்தது. திருவொற்றியூரில் தங்கள் சந்துக்குள் திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றுவிட்ட அந்தச் சிவப்பு அமெரிக்கக் காரை ஸ்டானிஸ்லாஸ் கைத்தடியோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். துறைமுகத்தில் இரும்புக் குழாய்க் கட்டு சரிந்து விழுந்ததிலிருந்து அவருடைய இடது கால் மடங்காது. எங்கே உட்கார்ந்தாலும் பலகை மாதிரி முன்னால் நீண்டே கிடக்கும். அதை நினைத்துத்தான் மகன் ஜெரி, தங்கை கல்யாணத்துக்கென்று போட்டோக்களைப் பார்த்து, இருப்பதிலேயே நீளமான வண்டியை வாடகைக்குப் பேசியிருந்தான்.

நீளம் முழுவதும் பானெட்டில் இருந்தது. பின்சீட்டில் இரண்டு பள்ளங்கள், அவ்வளவுதான்.

"இன்னா ப்ரோ இது? கொயந்த கூட குந்த முடியாது போல கீது," என்றான் ஜெரி.

டிரைவர் ரஞ்சித் விடிகாலையிலேயே ஒரு ஷூட்டிங் முடித்து வந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன. "போன்லயே கேட்டனே, மசில் காரா, போனி காரான்னு. நீ செவப்பு வண்டின்னுட்ட. இது போனி. சின்ன பாடி, மூஞ்சி மட்டும் நீட்டு. ரெண்டு பேர் ஜாலியா போறதுக்கு. மசில் கார்னா குடும்பம் போற சைஸ் வண்டி, அதுல பெரிய இன்ஜின தூக்கி வெச்சிருப்பான். பின்னால தாராளமா குந்தலாம். அது இன்னிக்கு வேற கல்யாணத்துக்குப் போயிகிது."

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"அல்லாரும் அப்டிதான் நெனைக்கறாங்கோ."

வீட்டார் வேனில் முன்பே போய்விட்டார்கள். காரில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இருக்கை. விரிந்த கவுனோடு கல்யாணப் பெண் ஃபாத்திமாவால் பின்னால் நுழைய முடியாது. காலை வைத்துக்கொண்டு அவராலும் முடியாது. மகளோடு ஒரே வண்டியில் மாதா கோயிலுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"நா பின்னால ஒடுங்கிக்கறேன்பா."

"கசங்கிப் போயிடும்மா. நீ முன்னால குந்து."

கோபப்படவும் அவருக்குத் தெம்பில்லை. ஜெரி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஓர் ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றிவிட்டான். பிறகு முழங்கால் மோவாயில் இடிக்கக் காரின் பின்பள்ளத்தில் தன்னைத் திணித்துக்கொண்டான்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் வழக்கம்போலக் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரை வரிசை கட்டி நின்றன. கார் அவற்றுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. ஆட்டோ அதன் வலப்பக்கத்தில் வந்து சேர்ந்தது.

"நைனா, சந்துல பூந்தா கோயிலாண்ட மொதல்ல போயிடலாம். வுட்ரட்டா?" என்றான் ஆட்டோக்காரன்.

"வேணாம்பா. இந்தக் கார் பக்கத்துலயே போ."

"ஊர்ந்துகினு கீதே அது."

"ஊரட்டும்."

ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்த காரில், ஃபாத்திமா வலது ஜன்னலோரம் இருந்தாள். நிலக்கரித் தூசி உள்ளே வரும் என்று ரஞ்சித் சொல்லச் சொல்லக் கண்ணாடியை இறக்கினாள். ஆட்டோவின் இடப்புறம் அப்பாவின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினாள். எட்டியது பாலிஷ் போட்ட ஷூவின் முனைதான். அதைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் டிரெய்லர் ஒன்று மெல்ல நகரத் தொடங்கியது.