ம் கொட்ட ஒரு ஆள்

எனக்குக் கோபமே வராது. நான் பேசும்போது யாராவது குறுக்கே வாயை வைத்தால் மட்டும் வரும். இதைச் சொன்னால் என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அவளுக்கு வேறென்ன வேலை!

மின்சாரம் போனால் எரிகிற கைவிளக்கு செய்யும் கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஈயம் பற்றவைக்கிறேன். புகையில் கண் எரியும், மூக்கு அடைக்கும். பக்கத்து அறை டெஸ்டிங் ரூம். அங்கே ஜன்னல் உண்டு, சுழல்கிற நாற்காலி உண்டு, புகை கிடையாது. அங்கே போக ஒரு வாய்மொழித் தேர்வு. மொத்தம் மூன்று தடவைதான் உட்கார விடுவார்கள், நான் இரண்டைக் கோட்டை விட்டவள்.

பாடம் தெரியாமல் இல்லை. கேள்வி கேட்கிற இன்ஜினீயர் யாரையும் ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்ல விடமாட்டார். நறுக்நறுக்கென்று வெட்டுவார். கம்பெனியில் அவருக்குப் பெயரே கத்தரி. முதல் தடவை அவர் வெட்ட வெட்ட என் குரல் ஏறி, வாட்ச்மேன் பதறி ஓடிவந்தார். இரண்டாம் தடவை வாட்ச்மேன் முன்கூட்டியே வந்து நின்றுகொண்டார்.

மூன்றாம் தடவைக்கு வீட்டில் ஒத்திகை பார்த்தேன். என் வீட்டுக்காரர் தையல்காரர். எந்நேரமும் உதட்டில் நாலு குண்டூசி. அதனால் கல்யாணமான நாளிலிருந்து நான் என்ன சொன்னாலும் "ம்" கொட்டுவார், அவ்வளவுதான்.

"பேட்டரி நாலு வோல்ட்டுகூட இல்ல. விளக்குக்குப் பன்னிரண்டு வேணும். மிச்சம் எங்கேருந்து வரும்?"

"ம்."

"செம்புக் கம்பி சுத்தின இந்த வளையம் இருக்கே, இதுதான் இண்டக்டர். நாங்க காயில்னு சொல்லுவோம். சுவிட்சைப் போட்டா கரண்ட் இதுக்குள்ள மெதுவா ஏறும். ஏறினதெல்லாம் காந்தமா உள்ளயே நிக்கும். அப்போ பட்டுனு சுவிட்சை அணைச்சா இதுக்குப் பொறுக்காது. 'ஓடிட்டிருக்கேன், என்னை நிறுத்த நீ யாரு'ன்னு, பேட்டரி வோல்டேஜுக்கு மேல தன்னோடதையும் சேர்த்துத் தள்ளும்."

"ம்."

"தள்ளினது டையோடு வழியாப் போய்க் கண்டென்சர்ங்கிற தொட்டியில சேரும். டையோடு ஒருவழிக் கதவு, திரும்ப விடாது. போட்டு அணைச்சு, போட்டு அணைச்சு, ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்குல. கையால இல்ல, உள்ளயே இருக்கிற டிரான்சிஸ்டர் பண்ணும்."

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "நடுவுல நிறுத்தினா எகிறுமா? அண்ணி, இது யாரோ நமக்குத் தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்கே!"

வீட்டுக்காரர் தையல் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மடித்த துணியை எல்லாம் உதறிவிட்டேன்.

தேர்வு நாள் வந்தது. மேஜை மேல் வோல்ட்மீட்டர் மாட்டிய பழைய சர்க்யூட் பலகை. வோல்டேஜ் எல்லை மீறினால் அடக்குகிற சிப் அதில் கிடையாது. மாட்டியிருக்கிற விளக்கு இழுத்துக்கொண்டே இருப்பதால் பன்னிரண்டில் நிற்கும், அவ்வளவுதான். வாட்ச்மேன் கதவோரம் தயார். நான் மெயின் சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரிந்தது.

"சார், பேட்டரியிலேருந்து..."

"எந்தப் பேட்டரி?"

"லித்தியம் சார். அதுலேருந்து காயிலுக்கு..."

"எத்தனை சுத்து?"

"நாப்பது! கரண்ட் ஏறும்போது..."

"விளக்கு ஒயர் ஏன் மஞ்சள்?"

பிடுங்கிக் காட்டினேன். "ஸ்டோர்ல இதுதான் சார் குடுத்தாங்க! நான் என்ன சாயமா போட முடியும்? ஒரு வார்த்தை பேச விடறீங்களா? போன தடவையும் இப்படித்தான்!"

ஒயர் என் கையிலேயே இருந்தது. மீட்டரை யார் பார்த்தார்கள்? பத்தொன்பது, இருபத்தாறு, முப்பத்தொன்று. நானும் ஏறிக்கொண்டிருந்தேன்.

டமார்!

கண்டென்சர் வெடித்து, அதன் காகிதச் சுருள் கத்தரியின் வழுக்கையில் உதிர்ந்தது. ஒரு துண்டு மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. போச்சு, ரிட்டையர் ஆகும்வரை புகைதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன் வெடிச்சது?" என்றார்.

"ஒயரை நான் புடுங்கிட்டேன் சார். காயில் பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருந்தது, வாங்கிக்க ஆள் இல்ல. சேர்ந்து சேர்ந்து வெடிச்சிருச்சு." மூக்கை உறிஞ்சினேன். "நானும் இந்த ஜாதிதான் சார். நீங்க நிறுத்த நிறுத்த எனக்கு ஏறுது. வீட்ல எங்க வீட்டுக்காரர் ம் கொட்டுவார், இறங்கிடும். இங்க அப்படி யாரும் இல்லையே."

கத்தரி வாயைத் திறந்தார். அடுத்த கேள்வி பல் வரைக்கும் வந்துவிட்டது எனக்கே தெரிந்தது. வாட்ச்மேன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ம்," என்றார் கத்தரி.

சொன்னேன். காயில், டையோடு, கண்டென்சர் எல்லாவற்றையும் முழு முழு வாக்கியமாகச் சொன்னேன். அவர் ம் கொட்டக் கொட்ட என் குரல் இறங்கி, கடைசியில் எனக்கே கேட்காத அளவுக்கு ஆனது. தாளில் எழுதிக் கொடுத்தார்: 'தேர்ச்சி. கண்டென்சர் ஒன்று சேதம்.'

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"அவர் ம் கொட்டினாரா?"

"கொட்டினாருங்க."

"எத்தனை?"

"ஒரு இருபது இருக்கும்."

"நல்லாவா கொட்டினார்?"

"புது ஆளுதானே, கொஞ்சம் அவசரமா இருந்தது."

அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டார். "அண்ணி, அப்போ..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. அவ பேசட்டும்," என்று தங்கையை அடக்கினார். "மொதல்லேருந்து சொல்லும்மா. ஒண்ணு விடாம."

நான் மூச்சை இழுத்தேன். இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

"ம்," என்றார்.