முட்டி வலி

ஜெபசிங்குக்கு முட்டியில் எந்த வலியும் கிடையாது. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மூன்று வாரமாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறான். ஒவ்வொரு முறையும் ஓ.பி. சீட்டு போடும் ஜன்னலில், "இன்னா உடம்புக்கு?" என்று கேட்பார்கள். பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை, சாவு நினைப்பு விடாமல் வருகிறது என்று சொல்லத்தான் வரிசையில் நின்றிருப்பான். வாயைத் திறந்தால், "முட்டி வலி" என்றுதான் வரும். எலும்புப் பிரிவுக்குச் சீட்டு கிடைக்கும். மனநலப் பிரிவின் பலகையைத் தலைநிமிராமல் தாண்டிப் போய்க் களிம்பு வாங்கி வருவான்.

அந்தக் களிம்பைச் சாயங்காலம்தோறும் அவன் காலடியில் உட்கார்ந்து மனைவி சிநேகா தேய்த்துவிட்டாள். சபையிலும் சொல்லிவைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போதகர், "சகோதரர் ஜெபசிங்கின் முழங்காலுக்காக" என்றதும் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

படூரில் இருக்கும் ஒரு கல்லூரிக்கு அவன் பஸ் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கரை வளைவில், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் போதுமே என்று தோன்றியது. புதிய நினைப்பு இல்லை. ஆனால் பின்னால் நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருப்பதே அன்றைக்கு மறந்துபோயிருந்தது. கை ஸ்டியரிங்கைத் திருப்பவும் ஆரம்பித்துவிட்டது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிரேக்கை மிதித்தான். பஸ் நடுரோட்டில் குலுங்கி நின்றது.

"இன்னாண்ணா?" என்று ஓடிவந்தான் கிளீனர் துரை.

"முட்டி புடிச்சிகிச்சி."

"கெய்வனாயிட்ட அண்ணாத்த. நாளைக்கி மாமல்லபுரம் டூரு கீது, நெனப்பு வெச்சுக்கோ."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு பக்கம் கடல்தான் என்பது ஜெபசிங்குக்கு நினைவு வந்தது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டில் ஜெபக்கூட்டம். ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் சாராள் அக்கா ஒவ்வொருவரிடமும் குறை கேட்டுவிட்டு இவனிடம் வந்தாள்.

"முட்டி எப்பிடி கீது தம்பி?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்லக்கா."

"ஸ்தோத்திரம்! கர்த்தர் சொகம் குடுத்துட்டாரு!"

எல்லோரும் கை தட்டினார்கள். சிநேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியே விட்டுவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் காலையில் பஸ்ஸை எடுக்க வேண்டும்.

"வலியே இல்லக்கா. பொய் சொன்னேன்."

கைதட்டல் அங்கங்கே நின்றது.

"மனசு சரியில்ல. செத்துப்பூடலாம்னு தோணிகினே கீது. காலைல பிள்ளைங்களோட பஸ்ஸ..." அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"ஆம்பள அழுவுறதப் பாரு," என்றார் பெரியவர் ஏசுபாதம். "பொண்டாட்டி கீது, வேல கீது, உனக்கு இன்னாய்யா கொறச்சலு?"



சாராள் அக்கா அவன் தலையில் கைவைத்து ஜெபிக்கப் போனாள். சிநேகா அந்தக் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள். ஆணியில் தொங்கிய பஸ் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நல்லா கீற காலையா மூணு வாரமா தேச்சிகினு இருந்தேன்?" என்றாள். "கெளம்பு மாமா. ஆஸ்பத்திரிக்கி."

"ஓ.பி. காலைலதான்."

"எமர்ஜென்சி தொறந்துதான் கீது."

"அடிபட்டு ரத்தத்தோட வரவன்லாம் இருப்பான் அங்க."

"நீயும்தான் அடிபட்டு கீற. வா."

ஏசுபாதம் காலை மடக்கி வழிவிட்டார்.

அவசரப் பிரிவின் மேஜையில் இருந்தவர் நிமிராமலே கேட்டார். "என்ன கம்ப்ளெய்ன்ட்?"

அவனே சொல்லட்டும் என்று சிநேகா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். பின்னால் யார் யாரோ நின்றார்கள். "முட்டி" என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, மற்றதை முணுமுணுத்தான்.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னான்.