பழைய மணி

பெட்டியில் கிடந்த அப்பாவின் கழுத்தில் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது லோஷினியின் போன் அதிர்ந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி செல்வா.

"அக்கா, பஸ்ஸு நவுரவே மாட்டேங்குது. எல்லாம் நியூ இயர் கூட்டம். எறங்கி காஸ்வே பாலத்துல நடந்து வந்துகிட்டிருக்கேன். எத்தன மணிக்கு எடுக்கிறீங்க?"

அப்போது பன்னிரண்டரை. பாலத்தைத் தாண்டி, பாஸ்போர்ட் வரிசையைத் தாண்டி, ஜோகூர் பாருவில் கார் பிடித்துக் கூலாய் வீட்டுக்கு வந்து சேர எப்படியும் ஒன்றே முக்கால் ஆகிவிடும்.

"நீ வாடா, பாத்துக்கலாம்" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

பேச்சியம்மாள் அத்தையின் காதில் விழுந்துவிட்டது. அவர் அப்பாவின் அக்கா. இந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் நேரம் குறிப்பது அவர்தான்.

"வியாழக்கெழம. ஒன்னரைக்கு ராகு காலம் புடிக்குது. அதுக்குள்ள எடுத்துடணும்மா. மந்திரியே வந்தாலும் ராகு காத்துக்கிட்டு நிக்காது."

"ஒரே பையன் அத்தை. அப்பா மூஞ்சிய அவன் பாக்க வேணாமா?"

"பாக்கணும்தான். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" அத்தைக்குக் குரல் உடைந்தது. அவர் கல்நெஞ்சக்காரி இல்லை. பஞ்சாங்கத்தை மீறித் தன் தம்பியை அனுப்பி, அவன் போகிற வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான்.

லோஷினி சுவரைப் பார்த்தாள். கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. பழுது ஒன்றுமில்லை, அது அப்பாவின் பிடிவாதம். எண்பத்திரண்டாம் வருடம் பிறந்த இரவில் மலேசிய அரசாங்கம் நாட்டின் மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. பதினொன்றரை அடித்த கையோடு பன்னிரண்டு. அப்பா காளிதாஸுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பண்டார் தெங்காராவில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. "ஒரு வார்த்த கேக்காம என் ஆயுசுல அரை மணி நேரத்த எடுத்துட்டானுங்க" என்றவர், வீட்டுக் கடிகாரத்தை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. மூன்று கடிகாரம் மாறியது, இரண்டு வீடு மாறியது, மணி மாறவில்லை.

அதனால் இந்த வீட்டில் புது வருடம் இரண்டு தடவை பிறக்கும். ஊர் வெடி வெடித்து ஓய்ந்து படுத்த பிறகு, பன்னிரண்டரைக்கு எல்லோரையும் எழுப்பி அப்பா கேக் வெட்டுவார். அம்மா இருந்தவரை தலையணையால் அடிப்பாள். நேற்றும் எழுப்பினார். தானே பெரிய துண்டாக எடுத்துத் தின்றார். விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். அழ வந்தவர்கள்கூட "குடுத்து வச்ச மனுசன்" என்றுதான் அழுதார்கள்.

"அத்தை, ராகு காலம் எப்பலேருந்து இருக்கு?"

"இது என்ன கேள்வி? பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இருக்கு."

"கவர்மெண்டு மணிய மாத்துனது எண்பத்திரெண்டுல. அத ராகுவுக்கு யாரு போயி சொன்னா?"

அத்தை சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். தேவாரம் பாட வந்தவர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அப்பா மணிக்கு இப்பதான் பன்னெண்டு. அவரு ராகு காலம் நம்ம ரெண்டு மணிக்குத்தான் வரும்."

அத்தை தன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பிடிக்கப்போனாள் லோஷினி. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தி நாலு வருசமா இந்த மணிக்காக இவன்கூட சண்ட புடிச்சேன்டி. என் மக கல்யாணத்துக்கு, தாலி கட்டுன பொறவு வந்து, 'என்னக்கா, இன்னும் ஆரம்பிக்கலியா'ன்னு கேட்டான். செத்தும் ஜெயிச்சுட்டான் பாரு!"

கூடமே சிரித்தது. சவ வேன் ஓட்ட வந்த மகேஸ்வரன், "மின்சுடலையில நமக்கு மூணு மணிக்குத்தான். நெதானமா எடுக்கலாங்க" என்று கோப்பி வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஆளாளுக்கு அப்பா தாமதமாகப் போன கதைகள் வந்தன. அவர் தவறவிட்ட பஸ், முடிந்தபின் போய் நின்ற அன்னதானம். சாவு வீட்டில் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதற்கு லோஷினி வெட்கப்படவில்லை. ஒரு மணி நேரம் ஓடியதே தெரியவில்லை. ஒன்றே முக்காலுக்குப் பிறகுதான் ஒவ்வொரு நிமிடமும் நின்று நின்று போனது. மகேஸ்வரன் வேன் இன்ஜினை ஓடவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தார். அத்தை வாசலுக்கும் பெட்டிக்கும் நடந்தார்.

ஒன்று ஐம்பதுக்கு ஒரு கார் வந்து நின்றது. பேக்டரிச் சட்டையோடு, காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் செல்வா உள்ளே ஓடிவந்தான். பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"லேட்டாயிட்டேனாக்கா?"

அத்தை அவன் கையைப் பிடித்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார்.

"யாரு சொன்னா லேட்டுன்னு? இன்னும் பத்து நிமிசம் இருக்கு. ஒக்காந்து நல்லா பாத்துக்கடா."

வெளியே மகேஸ்வரன் இன்ஜினை நிறுத்தினார்.